தளபதிக்குத் தூதர் அங்கி

கோவை தேர்நிலைத் திடலில் பேசி முடித்து இறங்கிய இரவு. ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தனர் ஒருபுறம். கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தனர் மறுபுறம். தெருமுனைத் தேநீர்க்கடையிலே ஏழெட்டுப் பேர் நின்றோம். பூலுவப்பட்டி பக்கத்துத் தோழர் ஒருவர், அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கு அடிக்கடி சென்று வருபவர், மெல்லக் கேட்டார்:

"ஏனுங்கண்ணா, இலங்கையிலே நம்மாளு ஒருத்தரு பட்டாளத்துக்குத் தலைவரா இருந்திருந்தா, அந்தச் சனத்துக்கு இந்தக் கதி வந்திருக்குமுங்களா?"

"இருந்தார், தம்பி!" என்றேன்.

கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டார் தோழர். "நெசமாங்களா?" என்றார். முகத்திலே ஒரு மலர்ச்சி. மறுகணமே அந்த மலர்ச்சி வாடியதையும் கண்டேன். இருந்தாரா? இருந்துமா? என்று அவர் உள்ளம் கேட்டது எனக்குக் கேட்டது. அந்த இரவு அவருக்குச் சொன்னதை இந்த ஞாயிறு உங்கள் அனைவருக்கும் சொல்லுகிறேன்.

அவர் பெயர் அன்டன் முத்துக்குமாரு. கொழும்பிலே 1908-இல் பிறந்தவர். புனித சூசையப்பர் கல்லூரியிலே படித்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஜீசஸ் கல்லூரிக்குச் சென்று, இலண்டனிலே பாரிஸ்டர் பட்டமும் பெற்றுத் திரும்பியவர். கல்லூரிப் படிப்பைப் பாதி வழியில் விட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடிவந்த என் போன்றவன் அண்ணாந்து பார்க்க வேண்டிய படிப்பு! வழக்கறிஞர் அங்கி அணிந்திருக்க வேண்டியவர், இலங்கை இலகு காலாட்படையின் சீருடையை விரும்பி அணிந்தார். இரண்டாம் உலகப் போரும் வந்தது. போர் முடிந்தபின் விடுதலையும் வந்தது.

விடுதலை பெற்ற இலங்கைக்கு முறையான படை 1949 அக்டோபர் 10-ஆம் நாள் பிறந்தது. பிறந்த குழந்தையின் பெயர் இலங்கைப் படை, தாலாட்டியவர்களோ வெள்ளையர். முதல் தளபதி கெய்த்னஸ் பிரபு. அடுத்தவர் சர் பிரான்சிஸ் ரீட். இருவருக்கும் பிறகு, 1955 பிப்ரவரி 9-ஆம் நாள், அந்த மண்ணில் பிறந்தவன் ஒருவன் அந்த நாற்காலியில் முதன்முதலாக அமர்ந்தான். அந்த முதல்வன் தமிழன்! முத்துக்குமாரு! மேஜர் ஜெனரல் என்னும் நிலையை எய்திய முதல் இலங்கையரும் அவரே.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கண்டியிலும் காலியிலும் பிறந்த சிங்களச் சிப்பாய்கள் ஒரு தமிழ்த் தளபதிக்கு வணக்கம் செலுத்தி அணிவகுத்த காலம் ஒன்று இருந்தது. பொய்யன்று, புராணமன்று; எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த செய்தி. திரிகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்க வானூர்தித் தளத்தையும் 1957-இல் ஆங்கிலேயர் விட்டகன்றபோது, தளபதி நாற்காலியில் இருந்தவர் இந்தத் தமிழர்தாம்.

இனி நாடகக்காரன் பேசுகிறேன். இரண்டாம் அங்கம் இங்கே தொடங்குகிறது.

1956. பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வருகிறார். வந்த வேகத்தில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வருகிறது. ஜூன் 5-ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலிலே, செல்வநாயகம் தலைமையில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்களைக் காடையர் கூட்டம் தாக்கியது. மண்டை உடைந்தது, குருதி வழிந்தது. சற்று தொலைவில் நாடாளுமன்றம்; உள்ளே மொழிச் சட்டம். அந்நாட்டின் படைத்தலைவரோ, காலிமுகத்திடலில் அடிபட்டவர்கள் பேசிய அதே மொழிக்குரியவர்!

1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்பாடு கண்டனர். மறு ஆண்டு ஏப்ரலில், பிக்குகள் தம் இல்லத்து முற்றத்தில் வந்தமர்ந்து முழங்கவே, பிரதமர் அந்த உடன்பாட்டைக் கைவிட்டார். அடுத்த திங்கள் தீ பரவிற்று. பொலன்னறுவையிலே வெட்டினர், பாணந்துறையிலே கோயில் பூசகரை உயிரோடு கொளுத்தினர், கொழும்பிலே தமிழர் கடைகள் சாம்பராயின. 1958 மே 27-ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படை தெருவுக்கு வந்தது. உயிர் தப்பிய தமிழர்களைக் கொழும்பிலிருந்து கப்பலேற்றி யாழ்ப்பாணம் அனுப்பினார்கள்.

இந்தக் காட்சியை மேடையில் போட்டுப் பாருங்கள். வலப்புறம் தளபதியின் மேசை. மேசைக்குப் பின்னே தமிழர். இடப்புறம் கப்பல், கப்பல் நிறையத் தமிழர். இடையிலே திரை எதுவும் இல்லை. ஆனாலும் வலப்புறத்து நாற்காலியால் இடப்புறத்துக் கப்பலைத் தடுத்து நிறுத்த முடியவில்லை!

"தடுத்திருக்கலாமே! துப்பாக்கி அவர் கையில்தானே இருந்தது?" என்று அந்த இரவும் ஒரு தோழர் துள்ளினார். அவரிடம் நான் கேட்டேன்: யார் கையில் இருந்தது துப்பாக்கி? தளபதி கையிலா, தளபதிக்கு ஆணையிட்ட அமைச்சரவை கையிலா? அதே ஆண்டு, அதே அக்டோபரிலே, பாகிஸ்தானத்து அயூப்கான் துப்பாக்கி தன் கையில்தான் என்று முடிவு கட்டினார், அரசையே கவர்ந்தார். முத்துக்குமாரு அப்படிச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வாக்குப் பெட்டியை நம்பி வளர்ந்த இயக்கத்தில் நிற்பவன், தளபதிகள் தலைமைச் செயலகத்துக்குள் நுழைவதைக் கைதட்டி வரவேற்க முடியாது. சரி, பதவியை வீசி எறிந்திருக்கலாமே? மேடையிலே அதை முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 1958 மே திங்களில் அந்த நாற்காலி காலியாகியிருந்தால், அங்கே வந்து அமர்ந்திருப்பவர் கலகக்காரனைச் சுடச் சொல்லியிருப்பாரா, கண்டும் காணாமல் இருக்கச் சொல்லியிருப்பாரா? இந்தக் கேள்விக்கு முன் என் முழக்கம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. நெருக்கடி நிலை வந்தபின் படை தெருவில் நின்றதால்தான் தீ அடங்கிற்று என்பதையும் மறைக்கக் கூடாது.

பண்டாரநாயக்கா 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவின் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டின் இறுதியிலே முத்துக்குமாரு ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது தூதர் அங்கி. பாகிஸ்தானுக்கு இலங்கையின் தூதர், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தூதர், எகிப்துக்குத் தூதர்.

பாகிஸ்தானிலே ஆட்சி நடத்தியவர் யார்? அயூப்கான். தன் நாட்டைப் பிடித்த தளபதியின் அவைக்கு, தன் நாட்டைப் பிடிக்காத தளபதி ஒருவர் நற்சான்றுப் பத்திரம் ஏந்திச் சென்றார். கெய்ரோவிலும் கதை அதுவே. அங்கே கர்னல் நாசர்! நாடகாசிரியன் கற்பனை செய்தால் மிகைப்படுத்துகிறான் என்பீர்கள். வரலாறு செய்கிறது, என் செய்வது?

தளபதிக்குத் தூதர் அங்கி போர்த்துவது கொழும்பு கண்டுபிடித்த கலையன்று. டில்லி அதிலே கைதேர்ந்தது. கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். 1962-இல் சீனரிடம் அடிபட்டுப் பதவி விலகிய தாப்பர் ஆப்கானிஸ்தானத்துக்குத் தூதரானார். அவருக்குப் பின் வந்த சௌத்ரி 1966-இல் கனடா சென்றார். வென்றவருக்கும் அதே பரிசு, தோற்றவருக்கும் அதே பரிசு! மேற்கு ஆப்பிரிக்காவிலோ வேறு வழக்கம். நைஜீரியாவின் ஜோசப் கார்பா 1975-இல் வானொலி நிலையத்தில் அமர்ந்து, தம் தலைவர் கோவன் ஆட்சி முடிந்தது என்று நாட்டுக்கு அறிவித்தார். உடனே வெளியுறவு அமைச்சரானார். பின்னர் ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டுப் பிரதிநிதியாகி, 1989-இல் அதன் பொதுப்பேரவைத் தலைவராகவும் அமர்ந்தார். அங்கே தளபதி தானே தன்னைத் தூதராக்கிக்கொண்டார். முத்துக்குமாருவைத் தூதராக்கியவர்கள் வேறு. அவரைத் துரத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. மாலையிட்டு, விருந்து வைத்து, கடல் கடந்து மரியாதையாகவே அனுப்பினார்கள்.

அவர் அந்த நாற்காலியை விட்டிறங்கிய பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1961-இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலிலே தமிழர் அறப்போர். பெண்களும் முதியவர்களும் கூடத் தரையில் அமர்ந்திருந்தனர். ஏப்ரல் 17-ஆம் நாள் நெருக்கடி நிலை, படை வந்தது, அடித்தது, தலைவர்களைச் சிறைப்படுத்தியது. முத்துக்குமாரு சீர்செய்து வளர்த்த அதே படை! கடற்படைக்கு அப்போது தலைவர் ராஜன் கதிர்காமர்; அவரும் தமிழரே. மறு ஆண்டு ஜனவரியில், அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்து பிடிபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். அதன்பின் படையின் முகமே மாறத் தொடங்கிற்று. சிங்கள பௌத்தர் ஆயிரம் ஆயிரமாய்ச் சேர்க்கப்பட்டனர், தமிழன் தேய்ந்தான், படைத்தலைவன் நாற்காலியில் மீண்டும் ஒரு தமிழன் அமரவே இல்லை.

இன்னொரு நாற்காலி மிஞ்சியிருந்தது, காவல் துறையிலே. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது, வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே தமிழர் கொல்லப்பட்டபோது, இலங்கையின் காவல் துறைத் தலைவர் யார் தெரியுமா? ருத்ரா ராஜசிங்கம். தமிழர்! தலைவர் தமிழர், தெருவிலே மடிந்தவரும் தமிழர். ஓய்வு பெற்றபின் அவருக்குக் கிடைத்ததும் தூதர் அங்கிதான், இந்தோனேசியா.

1958-க்குப் படைத்தலைவர், 1983-க்குக் காவல் தலைவர். இரண்டும் தற்செயல் என்று சொல்லிக் கடந்து போகலாம். நான் கடந்து போகாததற்குக் காரணம் இலங்கை அன்று. இங்கே, நம் கொங்கு மண்ணிலே, நம் கூட்டங்களிலேயே கேட்கும் பேச்சு. "நம்மாளு ஒருத்தரு மேலே போயிட்டாப் போதும்!" ஈரோட்டிலே கேட்டேன், திருப்பூரிலே கேட்டேன், நாமக்கல்லிலே சற்று அதிகமாகவே கேட்டேன். வாரியத் தலைவர் பதவி ஒன்று, மாவட்டத்துக்கு ஒரு மந்திரி. அதைக் கண்டு பட்டாசு கொளுத்திவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் மயக்கம்! இலங்கைத் தமிழரும் இதில் ஏமாந்தவர்களே. 1948-இல் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்துச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே பெரும் வழக்கறிஞர் பொன்னம்பலம் அமைச்சரவையிலே சேர்ந்தார். கட்சி பிளந்தது, செல்வநாயகம் வெளியேறித் தமிழரசுக் கட்சி கண்டார். அமைச்சர் பதவி ஒன்று வந்தது, குடியுரிமை வரவில்லை. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று கணக்குத் தீர்த்தனர். அந்தக் கணக்கின் மிச்சம் இன்றும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை கிள்ளிக்கொண்டிருக்கிறது. ஐயமிருந்தால் ஒரு ஞாயிறு பேருந்தேறிச் சென்று கேட்டு வாருங்கள்.

நம் ஊரின் தளபதியை மறந்துவிடவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம். ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 ஜூன் 8-ஆம் நாள் இந்தியப் படையின் தலைவரானார்; 1969 வரை இருந்தார். இரண்டாம் உலகப் போரிலே ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சிறைப்பட்டு, தப்பி, மறுபடியும் பிடிபட்ட வீரர். அந்தக் குடும்பத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு வியப்பு. தந்தை சென்னை மாகாணத்து முதன்மை அமைச்சராயிருந்து, பின்பு இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதரானவர். தம்பி மோகன், பொதுவுடைமைக்காரர், பின்னாளில் மத்திய அமைச்சர். தங்கை பார்வதி கிருஷ்ணன், கோவைத் தொழிலாளரின் தோழர், 1957-இல் நம் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினர். ஜமீன் மாளிகையிலே செங்கொடியும் சீருடையும் ஒரே பந்தியில் உண்டிருக்கின்றன! மகனுக்குத் தூதர் அங்கி போர்த்தப்படவில்லை. தந்தைக்குப் போர்த்தியதே போதும் என்றிருந்தார்களோ என்னவோ.

அவர் தலைவராவதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு என்ன நடந்தது? 1965 பிப்ரவரி 12, பொள்ளாச்சி! இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மக்கள்மீது துப்பாக்கி முழங்கிற்று. இராணுவம் அந்தத் தெருக்களிலே நின்றது. அப்போது படைத்தலைவர் சௌத்ரி, பின்னாளில் கனடா சென்றாரே, அவர்தாம். அன்று அந்த நாற்காலியில் குமாரமங்கலத்தார் இருந்திருந்தால் பொள்ளாச்சி தப்பியிருக்குமா? ஆணையிட்டது தளபதியின் நாற்காலி அன்று, வேறு நாற்காலிகள். அந்த நாற்காலிகளைத் தமிழ்நாட்டு மக்கள் இரண்டே ஆண்டுகளில், 1967-இல், வாக்குச்சீட்டால் புரட்டினார்கள். இந்தி இங்கே நின்றதற்குக் காரணம், திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் டில்லியிலே படைக்குத் தலைவராயிருந்தது அன்று. கோவையிலும் பொள்ளாச்சியிலும் மாணவனும் ஆலைத் தொழிலாளியும் தெருவில் நின்று, பின் வாக்குச்சாவடியிலும் நின்றார்களே, அது. யாழ்ப்பாணத்துக்கு அப்படிப் புரட்டும் வழி இல்லை. வடக்கும் கிழக்கும் ஒருமனமாய் வாக்களித்தாலும் கொழும்பின் எண்ணிக்கை அதை விழுங்கிவிடும். அதனால்தான் செல்வநாயகம் கூட்டாட்சி கேட்டார். பதவி கேட்கவில்லை, ஆளும் உரிமையில் பங்கு கேட்டார்.

இனி மூன்றாம் அங்கம். இதை எழுதும்போது பேனா நடுங்குகிறது.

2009 மே. முள்ளிவாய்க்கால். பொதுமக்கள் 40,000 பேர் வரை மடிந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் எழுதிற்று. அந்தப் போரை நடத்திய தளபதிகள் எங்கே சென்றார்கள்? தூதரகங்களுக்கு! ஜகத் டயஸ் ஜெர்மனியிலே துணைத் தூதர். சவேந்திர சில்வா நியூயார்க்கிலே, ஐக்கிய நாடுகள் அவையில் துணைப் பிரதிநிதி. போர்க்களத்தின் வன்னிக் கட்டளையதிகாரியாயிருந்து பின் படைத்தலைவரான ஜகத் ஜயசூரிய, 2015-இல் பிரேசிலுக்குத் தூதர். போர்க்குற்றம் புரிந்தனர் என்று மனித உரிமை அமைப்புகள் இவர்கள்மீது குற்றம் சாட்டின. இலங்கை அரசு மறுத்தது. சில்வாமீது நியூயார்க்கிலே, உறவினரை இழந்த தமிழர் 2011-இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டே நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. குற்றம் இல்லை என்று சொல்லியா தள்ளிற்று? இல்லை! அவர் தூதர், தூதரை விசாரிக்க முடியாது என்று சொல்லித் தள்ளிற்று. 1961-இல் வியன்னாவில் நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை அது. பகைநாட்டிலும் தூதன் தலை தப்பவேண்டும் என்பதற்காக எழுதிய நல்ல ஏற்பாடு, கொல்லப்பட்டவனின் வீட்டார் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்குக் கேடயமாயிற்று. ஜயசூரியமீது 2017 ஆகஸ்டில் தென்னமெரிக்க நாடுகளில் புகார்கள் பதிவாயின. அதற்குள் அவர் பிரேசிலை விட்டுக் கிளம்பியிருந்தார். சில்வா 2019-இல் இலங்கைப் படைக்கே தலைவரானார்; மறு ஆண்டு அமெரிக்கா அவர் தன் மண்ணில் கால்வைக்கத் தடை போட்டது; 2025 மார்ச்சில் பிரிட்டன் அவர்மீதும் ஜயசூரியமீதும் தடைவிதிப்பை அறிவித்தது. பதினாறு ஆண்டு சென்று கிடைத்த சிறு அசைவு அது. ஒரு வழக்கறை வாயில்கூட இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

முத்துக்குமாருக்குப் போர்த்திய அங்கியும் இவர்களுக்குப் போர்த்திய அங்கியும் ஒரே தையற்கடையில் தைத்தவை. அவருக்கு அது அணிகலன். இவர்களுக்கு அது கவசம். உலகத்துக்கு முன்னே அன்று, "பாருங்கள், எங்கள் தூதர் தமிழர்" என்று சொல்லிக்கொள்ள அவர் பயன்பட்டார். அதே அங்கி கேள்விகளைத் தடுக்கப் பின்னாளில் இவர்களுக்குப் பயன்பட்டது. சென்னையிலும் கோவையிலும் நாம் தீர்மானம் போடும்போது, தூதர் பதவி தரப்படும் தளபதிகளின் பட்டியலையும் கேட்டுப் பெறவேண்டும். எந்த நாடு யாருடைய நற்சான்றுப் பத்திரத்தை ஏற்கிறது என்று டில்லியிடம் கேள்வி எழுப்பவேண்டும். ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. காரணம் சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை. அதே வியன்னா உடன்படிக்கையில்தான் அதுவும் எழுதியிருக்கிறது.

முத்துக்குமாரு முதுமையிலே இலங்கையின் படை வரலாற்றை ஒரு நூலாக எழுதினார், 1987-இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலே குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. தான் வளர்த்த படையின் கதையை ஒரு தமிழ்க் கிழவர் எழுதி முடித்த வேளையிலே, அந்தப் படை வடமராட்சியிலே நின்றது.

இவ்வளவையும் அந்த இரவு அந்தத் தோழரிடம் சொல்லிக்கொண்டே கடைவீதியில் நடந்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் வந்தார். முகாமிலே கட்டில் இல்லாமல் தரையில் உறங்கும் பாட்டி ஒருத்தியைப் பற்றி நடுவே ஏதோ சொன்னார். 1958-இல் கைக்குழந்தையாகக் கப்பலில் யாழ்ப்பாணம் போனவளாம். பிரியும் இடத்தில்தான் கேட்டார்:

"அந்தத் தளபதி கடைசிக் காலத்துக்கு ஊருக்குத் திரும்புனாருங்களா அண்ணா?"

"இல்லை தம்பி. தூதராகச் சென்ற நாட்டிலேயே குடியேறினார். ஆஸ்திரேலியாவிலே, 2001-இல் கண் மூடினார்."

"பாட்டிகிட்டச் சொல்றனுங்க" என்று சொல்லி, கடைசிப் பேருந்துக்கு ஓடினார்.